ரிப்பன் ஏணி வைத்த ஸ்டமக்கர்: முதல்முறை தைப்பவர்களுக்கு

பிரெஞ்சு ஓவியர் பிரான்சுவா பூஷே 1756இல் வரைந்த, மன்னர் பதினைந்தாம் லூயியின் காதலி மதாம் த பொம்பதூரின் ஓவியம் மியூனிக் நகரின் ஆல்டே பினகோதெக்கில் இருக்கிறது. பச்சைப் பட்டு கவுன், மார்பிலிருந்து இடுப்பு வரை வரிசையாக ரிப்பன் முடிச்சுகள். பார்த்தால் கவுனிலேயே தைத்தது போலிருக்கும். ஆனால் அந்தக் காலத்து கவுன் பலவற்றுக்கு முன்பக்கம் திறந்தே இருக்கும். அந்த இடைவெளியை மறைக்கத் தனியாக ஒரு முக்கோணத் துண்டைக் குண்டூசியால் குத்திக்கொள்வார்கள். அதுதான் ஸ்டமக்கர். தனித்துண்டு என்பதால் ஒன்றையே வேறு வேறு கவுனுக்கு மாற்றி மாற்றி அணியலாம்.

தையல் மெஷின் தேவையில்லை, ஊசி நூல் போதும்.

1. அளவு. உள்ளே அணியும் ஸ்டேஸ் எனும் இறுக்குக் கச்சையையும் மேலே கவுனையும் போட்டுக்கொண்டுதான் அளக்க வேண்டும். வெறும் உடம்பில் எடுத்த அளவு உதவாது. கவுன் விளிம்புகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியை மேலேயும் இடுப்பிலும் அளந்து, இரண்டு பக்கமும் 3 செ.மீ. கூட்டுங்கள். நான் முதலில் தைத்ததில் இந்த 3 செ.மீ. விடவில்லை. கையைத் தூக்கினால் ஓரம் விலகி உள்ளே இருக்கும் கச்சை எட்டிப் பார்த்தது. பட்டு வீண். என் இரண்டாவது துண்டின் அளவு: மேலே 24 செ.மீ., இடுப்பில் 13 செ.மீ., நீளம் 32 செ.மீ. கீழ்முனை இடுப்புக்குக் கீழே கொஞ்சம் இறங்கட்டும்.

2. காகித மாதிரி. காகிதத்தை நீளவாக்கில் இரண்டாக மடித்துப் பாதி வடிவம் மட்டும் வரைந்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும்.

3. துணி. மேலே பட்டு, நடுவே கேன்வாஸ், உள்பக்கம் லினன் அல்லது காடாத் துணி. கேன்வாஸை மாதிரியின் அளவுக்கே வெட்டுங்கள். பட்டுக்கும் உள்துணிக்கும் சுற்றிலும் 1.5 செ.மீ. விடுங்கள். நடுவில் அட்டை வைக்கலாமா என்றால், வேண்டாம். ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே மடிப்பு விழுந்துவிடும்.

எம்பிராய்டரி போடுவதாக இருந்தால் பட்டுத் துணியை வெட்டுமுன் சட்டத்தில் இழுத்துக் கட்டி அதை முடித்துவிடுங்கள். அன்றைய எம்பிராய்டரிக்காரர்களும் துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டித்தான் வேலை செய்தார்கள். ஆரி தெரிந்தவர்களுக்கு இது கைவந்த வேலை. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் பரவிய தாம்பூர் தையலும் இதே கொக்கி ஊசிச் சங்கிலித் தையல்தான்.

4. இணைப்பது. கேன்வாஸ் மேல் பட்டுத் துணியை விரித்து, ஓரத்தைப் பின்னால் மடித்துத் தையுங்கள். நூல் கேன்வாஸை மட்டும் பிடிக்கட்டும், முன்பக்கம் தெரியக்கூடாது. கீழ்முனையில் துணி குவியும். அதிகத் துணியைக் கத்தரித்துவிட்டு முதலில் முனையை மடியுங்கள், பிறகு இரண்டு ஓரங்களையும். அப்புறம் உள்துணியை வைத்துச் சுற்றிலும் ஹெம்மிங் செய்யுங்கள்.

5. காதுகள். பக்கத்துக்கு மூன்று வீதம் 4 செ.மீ. நாடாத் துண்டுகளைப் பின்புற ஓரத்தில், பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி தையுங்கள். குண்டூசி இவற்றில்தான் குத்தும், பட்டில் ஓட்டை விழாது.

6. ரிப்பன் ஏணி. இந்த முடிச்சு வரிசைக்கு பிரெஞ்சில் எஷெல் என்று பெயர், ஏணி என்று பொருள். ஐந்து முடிச்சுகள் போதும். அகலம் மேலிருந்து கீழே 12, 10, 8, 7, 5 செ.மீ. எனக் குறையட்டும். இப்படிக் குறைவதால்தான் இடுப்பு ஒடுங்கித் தெரிகிறது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் பொத்தான் வரிசை மாதிரி ஆகிவிடும். ரிப்பனைக் கட்டி முடிச்சுப் போடுவதைவிட, வளையமாக மடித்து நடுவில் நூலால் இறுக்கி, மேலே சிறு துண்டு ரிப்பனைச் சுற்றித் தைப்பது சுலபம். முதலில் எல்லாவற்றையும் குண்டூசியால் நிறுத்தி, ஓரடி தள்ளி நின்று பார்த்துவிட்டுத் தையுங்கள். மேல் முடிச்சின் இறக்கை கவுன் விளிம்பில் இடித்தால் அதைச் சின்னதாக்குங்கள்.

7. அணிவது. கச்சை மேல் ஸ்டமக்கரை வைத்துக் காதுகளைக் குத்துங்கள். பிறகு கவுனைப் போட்டு, அதன் விளிம்புகளை ஸ்டமக்கரின் ஓரம் மறையும்படி இழுத்துக் குத்துங்கள். ஊசி கச்சையின் மேல்துணியில் மட்டும் படுக்கையாக ஓட வேண்டும், நேராக இறக்கினால் உடம்பில் ஏறும். சரி, குத்தியாயிற்றா? நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து பாருங்கள். கீழ்முனை தொடையில் முட்டினால் துண்டை ஒரு விரல் அளவு மேலே ஏற்றிக் குத்துங்கள்.