எம்.எஸ். நோய்க்கு மருத்துவக் கஞ்சா: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மட்டக்களப்பில் எம்.எஸ். எனும் மல்டிபிள் ஸ்க்லிரோசிஸ் (மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய்) வந்த நோயாளி இருக்கும் வீட்டுக்கு, "இங்க கஞ்சாவில மருந்து குடுக்கிறாங்களாம்" என்று லண்டனிலிருந்தோ டொரொண்டோவிலிருந்தோ பிள்ளை தகவல் சொன்னால் நம்பிக்கை வரத்தான் செய்யும். ஆனால் அதை அனுப்பச் சொல்லாதீர்கள். ஆயுர்வேத மருந்துத் தயாரிப்புக்கு இடமிருந்தாலும், தனியாள் கஞ்சா வைத்திருப்பது இலங்கையில் குற்றம். மருத்துவர் எழுதித் தந்த பத்திரம் கையில் இருந்தாலும் எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கனடாச் சட்டம் விடாது.

அங்கேயே போய்க் குடியேறுபவர்கள் நோயின் பெயரைச் சொன்னால் போதும் என்று எண்ணிவிடுகிறார்கள். இங்கிலாந்தில் குடும்ப வைத்தியர் இதைத் தொடங்க முடியாது. 2018 நவம்பர் முதல் நிபுணர்தான் எழுத வேண்டும். கஞ்சாவிலிருந்து செய்யும் சற்றிவெக்ஸ் என்ற வாய் ஸ்பிரே நோயைக் குணமாக்குவதில்லை. கடுமையான தசை இறுக்கம் மற்ற மருந்துகளுக்கு அடங்காதபோதுதான் அது கிடைக்கும். 4 வாரம் கொடுத்துப் பார்த்து, இறுக்கம் 20 வீதமாவது குறையாவிட்டால் நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே தசை இறுக்கத்துக்குத் தரும் பக்லோஃபென், டிசானிடின் குளிசைகளை எந்த அளவில், எத்தனை மாதம் எடுத்தீர்கள், ஏன் மாற்றினார்கள் என்பதற்கு எழுத்தில் சான்று வேண்டும். அது உங்கள் கிளினிக் கொப்பியில்தான் இருக்கிறது. மாரி வெள்ளத்தில் நனைந்து போகுமுன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

"குளிசை கேட்கவில்லை" என்று காட்டுவதற்காக பக்லோஃபெனைத் திடீரென நிறுத்துவதுதான் எனக்கு மிகவும் பயமான தவறு. வலிப்பு வரலாம், இல்லாதது கண்ணுக்குத் தெரியலாம், இறுக்கமும் முன்னையைவிடக் கூடலாம். வைத்தியர் சொல்லாமல் அரைக் குளிசைகூடக் குறைக்க வேண்டாம்.

சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண் மூன்றுமே இறுக்கத்தைக் கூட்டும். அவற்றுக்கு மருந்து செய்யாமல் கஞ்சா கேட்டால் நிபுணர் திருப்பி அனுப்புவார், அது நியாயமும்கூட. உச்சி வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கும்போது கால் தளர்வது சூட்டால் வருவது. அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது மனச்சிதைவு இருந்தால், கல்யாணப் பேச்சுக்கு மறைத்ததுபோல் வைத்தியரிடம் மறைக்காதீர்கள். அப்படிப்பட்டவர்களுக்கு இந்த மருந்து ஆபத்து. தெருவில் வாங்கிய கஞ்சாவை இழுத்துச் சுகம் கண்டது சான்றாகாது.

இன்றிரவிலிருந்தே இறுக்கத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போட்டு, திகதியோடு கொப்பியில் எழுதுங்கள். நிபுணர் முதலில் கேட்பதே அந்த எண்ணைத்தான்.