பல்லைக் கடித்தால் காது இரைச்சல் கூடுகிறதா? வீட்டிலேயே பார்க்கும் முறை

புது வகுப்புத் தொடங்கும் காலத்தில் மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டுத் தையல் மெசின் ஓயாது. எல்லாம் வெள்ளைச் சட்டையும் கவுனும்தான். அப்படி ஒரு நாள் நாலைந்து குண்டூசிகளைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு விளிம்பு மடித்தேன். இரண்டு வருடமாகக் காதுக்குள் இருக்கும் சில்வண்டுச் சத்தம் திடீரென்று ஏறியது. ஊசிகளை எடுத்தேன், இறங்கியது. திரும்பக் கடித்தேன், ஏறியது. நரம்பு கெட்டுக்கொண்டு வருகிறது என்று பயந்து அன்றிரவு நான் தூங்கவில்லை. உங்களுக்கும் இப்படி இருந்தால் அந்தப் பயம் வேண்டாம்.

காது நரம்பு மூளைத்தண்டில் போய்ச் சேரும் முதல் இடத்துக்கே, முகத்தையும் தாடையையும் உணரும் முக்கிளை நரம்பிலிருந்தும் மேல்கழுத்து நரம்புகளிலிருந்தும் செய்திகள் வருகின்றன. கேட்கும் திறன் கொஞ்சம் குறைந்தால், மூளை அதை ஈடுகட்டத் தன் பக்கத்துச் சத்தத்தைக் கூட்டி வைக்கிறது. அப்போது தசை இறுகும் செய்தியும் அந்தச் சத்தத்தை ஏற்றவோ இறக்கவோ செய்யும். ரொபர்ட் லெவின் என்ற மருத்துவர் 1999இல் இதை விளக்கி எழுதினார். பின்னர் வந்த ஆய்வுகளில், சோதித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குத் தாடையையோ கழுத்தையோ இறுக்கும்போது இரைச்சல் மாறியது.

காதுக் குறும்பி (காது அழுக்கு) எடுத்து, காது கேட்கும் திறன் பரிசோதனையும் செய்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். போன் செயலிகள் இரண்டைப் பாவித்துப் பார்த்து விட்டுவிட்டேன். திரையைப் பார்க்கக் குனிந்தாலே கழுத்து இறுகி, கணக்குப் பிழைத்துவிடுகிறது.

படி 2: காலையில், ஃபேன் தூரத்தில் ஓடும் அறையில், முதுகை நிமிர்த்தி உட்காருங்கள். நடுச்சாம அமைதி வேண்டாம். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர், நன்றாகக் காது கேட்கும் 80 பேரைச் சத்தம் புகாத அறையில் இருத்தினார்கள். 94 வீதமானோர் ஏதோ ஒரு சத்தம் கேட்டதாகச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, இரைச்சலுக்கு 0 முதல் 10 வரை ஓர் எண் எழுதுங்கள்.

படி 3: இதில்தான் நான் மூன்று வாரம் தடுமாறினேன். அசைவுகள் இவை: பல்லை இறுக்குவது, தாடையை முன்னே தள்ளுவது, தாடையைப் பக்கவாட்டில் நகர்த்துவது, உள்ளங்கையால் நெற்றியைத் தள்ளித் தலையால் எதிர்ப்பது, அதையே இரண்டு பக்கமும் செய்வது, தலையை ஒரு பக்கம் முழுதாகத் திருப்புவது. ஒவ்வொன்றும் ஐந்து விநாடி, நடுத்தரப் பலத்தில்.

நான் எல்லாவற்றையும் அடுத்தடுத்துச் செய்தேன். முதல் அசைவில் ஏறிய சத்தம் இறங்குவதற்குள் அடுத்தது. கடைசியில் கொப்பி முழுக்க 7, 8. எதனால் கூடியது என்று ஒன்றும் தெரியவில்லை. அதோடு, தள்ளும்போது மூச்சையும் பிடித்திருக்கிறேன், அது தனியாக ஏற்றியது. ஆகவே ஒவ்வோர் அசைவுக்கும் பிறகு, சத்தம் பழைய எண்ணுக்கு வரும்வரை இருங்கள். எனக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் பிடித்தது. மூச்சு ஓடட்டும். அப்புறம்தான் அடுத்தது. ஒரே அசைவை வேறு நாளிலும் செய்து, இரண்டு நாளும் ஒத்துவந்தால் மட்டும் அடிக்கோடிடுங்கள். கழுத்தில் அடிபட்டவர்கள் இதை வீட்டில் செய்ய வேண்டாம்.

பௌர்ணமியில் கல்லடிப் பாலத்தடியில் துடுப்பைத் தண்ணீரில் வைத்து மறுமுனையைக் காதில் வைப்போமே, பாடும் மீன் கேட்க? காதைக் கூர்மையாக்கினால்தான் அது பிடிபடும். இரைச்சலையும் மூளை அப்படித்தான் தேடிப் பிடிக்கிறது. அதனால் இந்தச் சோதனையை நாளுக்கு ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள்.

படி 4: எனக்கு மாறியது தாடையிறுக்கமும் இடப்பக்கத் திருப்பமும். இப்போது உதடு மூடி, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொடாமல், நாக்கை மேலண்ணத்தில் வைத்துத் தைக்கிறேன். ஊசிகள் மணிக்கட்டில் கட்டிய பஞ்சுப்பொதியில். கழுத்துக்குப் பிசியோதெரபி கிளினிக்கில் சொல்லித்தந்த பயிற்சி. ஆறு வாரத்தில் 6 ஆக இருந்தது 4 ஆனது. முற்றாகப் போகவில்லை, ஆனால் தூக்கம் வருகிறது. கொப்பியைக் காட்டினால் பிசியோதெரபிஸ்டுக்கும் வேலை சுலபம்.

பின்சேர்க்கை: மருதமுனையில் நெசவு செய்யும் ஒருவர், எந்த அசைவிலும் மாறவில்லை என்று எழுதினார். சிலருக்கு மாறாது, அதனால் நோய் கூடியது என்று அர்த்தமில்லை. தறியடியில் இருந்து எழும்பிய உடனே செய்யாமல், மறுநாள் காலையில் செய்து பாருங்கள். தறியடியில் காதடைப்பான் கட்டாயம் போடுங்கள். இன்னொருவருக்குக் கண்ணை ஓரத்துக்குத் திருப்பினால் மாறியதாம். அதுவும் உண்டு, பட்டியலில் சேருங்கள்.

மூன்றாவது கடிதம் என்னைக் கவலைப்படுத்தியது: நாடித் துடிப்போடு சேர்ந்து "டப் டப்" என்று கேட்கிறதாம். அதற்கு இந்த முறை இல்லை. அதுவும், ஒரு காதில் மட்டும் இரைச்சல் இருந்தாலும், காது மூக்கு தொண்டை டொக்டரிடம் காட்ட வேண்டும். திடீரென்று ஒரு காது கேளாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஸ்டீராய்டு மருந்து முதல் நாட்களில் தொடங்கினால்தான் அதிகம் பலன் தரும்.