கனடா குடியுரிமை: என் நாள் கணக்கைச் சரிசெய்த விதம்

குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 1,095 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். முதலில் போட்ட கணக்கில் அது தாண்டிவிட்டது. தவறு எங்கே என்றால், நிரந்தரவாசி ஆவதற்கு முன் படிப்பு, வேலை அனுமதியில் இருந்த நாள்களை முழுதாகச் சேர்த்திருந்தேன். அவை அரை நாளாகத்தான் சேரும், அதுவும் 365க்கு மேல் போகாது. விண்ணப்பத்தில் கையெழுத்திடும் நாளுக்கு முந்தைய 5 ஆண்டுகள்தான் கணக்கு.

பாஸ்போர்ட் முத்திரை, விமானச் சீட்டு மின்னஞ்சல் வைத்துப் பயணங்களை மறுபடி எழுதினேன். காரில் அமெரிக்கா போய்வந்தவை எளிதில் விடுபடும், முத்திரை இருக்காது. புறப்பட்ட நாளும் திரும்பிய நாளும் கனடாவில் இருந்த நாள்களாகவே சேரும்.

நிரந்தரவாசத்தைத் தக்கவைக்க 5 ஆண்டில் 730 நாள் போதும். கனடியக் குடிமகனான கணவரோடோ மனைவியோடோ வெளிநாட்டில் வாழ்ந்த நாளும் அதில் சேரும். குடியுரிமைக்குப் பொதுவாகச் சேராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 30 நாள் உபரி சேர்ந்த பிறகே அனுப்பினேன்.