அகதிச் சிறுமியின் கதையைப் பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குவது எப்படி

அகதிச் சிறுமி ஒருத்தியைச் சந்தித்து அவள் கதையை எழுதப் போகிறவர்கள் பெரும்பாலும் படகு, கம்பிவேலி, இரவுப் பயணம் ஆகியவற்றைப் பற்றியே முதலில் கேட்கிறார்கள். பதிவு செய்யும் அலுவலர், தஞ்ச மனுவை விசாரிப்பவர், முகாமுக்கு வந்துபோன விருந்தினர்கள் என்று பலருக்கும் அவள் அதைச் சொல்லிச் சலித்திருப்பாள்; ஆகவே உங்களுக்கும் ஒப்பித்த பதில்தான் கிடைக்கும். கடைசியாக எந்த நாளில் வகுப்பறையில் உட்கார்ந்தாள், அன்று என்ன பாடம் நடந்தது, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். முகம் மாறும். தப்பி வந்த கதையை அவள் விரும்பினால் பிறகு தானாகவே சொல்வாள்.

போவதற்கு முன்பு சட்டத்தைக் கொஞ்சம் படித்துக்கொள்ள வேண்டும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையின் 22ஆம் பிரிவு, தொடக்கக் கல்வியில் தன் குடிமக்களை நடத்துவது போலவே அகதிகளையும் நடத்த வேண்டும் என்று நாடுகளைக் கேட்கிறது. அதற்கு மேற்பட்ட கல்விக்கோ, இயன்ற அளவு சாதகமாகவும், குறைந்தது மற்ற வெளிநாட்டவர்க்குச் சமமாகவும் நடத்தினால் போதும் என்று பிடி தளர்ந்துவிடுகிறது. பெண்பிள்ளைகள் பள்ளியை விட்டு நிற்பது அதிகரிப்பதும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த வயதைப் பற்றிக் கூடுதலாகக் கேட்க வேண்டும் என்பது விளங்கும். சிரிய அகதிகள் பெருமளவில் தஞ்சம் புகுந்த ஜோர்டானும் லெபனானும் அந்த உடன்படிக்கையில் சேராத நாடுகள். எனினும் 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையை ஏற்றிருப்பதால், அதன் 28ஆம் பிரிவு கூறும் கல்வி உரிமை அவற்றையும் கட்டுப்படுத்துகிறது.

பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் தேவை. அது மட்டும் போதாது. சிறுமியிடமும் தனியாகக் கேட்க வேண்டும். எழுதப்போவது எங்கே வெளிவரும், அவள் விட்டு வந்த ஊரில் இருப்பவர்களும் கைபேசியில் அதைப் படிக்கக்கூடும் என்பதையெல்லாம் விளங்கச் சொல்லிவிட்டு, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு ஒரு நாளாவது அவகாசம் கொடுங்கள். மொழிபெயர்ப்புக்கு உறவினரை வைத்துக்கொள்ளாதீர்கள். அண்ணனை நடுவில் உட்கார வைத்துவிட்டுக் கல்யாணப் பேச்சைப் பற்றிக் கேட்டால் எந்தப் பெண் வாய் திறப்பாள்? பெயரை மாற்றுவதாலும் பாதுகாப்பு வந்துவிடாது. நான் ஒருமுறை பெயரையும் ஊரையும் மாற்றிவிட்டு, உடன்பிறந்தோர் எத்தனை பேர், தந்தை என்ன வேலை பார்த்தார் என்பவற்றை அப்படியே விட்டுவிட்டேன். அவள் வாழ்ந்த குடியிருப்பில் ஒரே நாளில் ஆளை அடையாளம் கண்டுகொண்டார்கள். அதன் விளைவை அனுபவித்தது நான் அல்ல.

'படிப்பை நிறுத்திவிட்டேன்' என்று அவள் சொல்லும் இடத்தில் அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். இந்த வேலையின் கனம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. படிப்பு ஒரே நாளில் நின்றுவிடுவதில்லை. சிரியாவில் அரபு மொழியில் படித்தவள் துருக்கியில் துருக்கி மொழிப் பாடத்தின் முன் உட்கார வேண்டியிருக்கிறது. சான்றிதழ் தொலைந்துவிட்டதாலோ இரண்டு ஆண்டுகள் வீணானதாலோ, தன் இடுப்புயரப் பிள்ளைகளோடு கீழ் வகுப்பில் சேர்க்கப்பட்டுக் கூசிப்போகிறாள். இடம் போதாமல் ஒரே கட்டடத்தில் காலையிலும் பிற்பகலிலுமாக இரண்டு முறைப் பள்ளி நடக்கும் இடங்களில், பிற்பகல் முறை அகதிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கப்பட்டால், குளிர்காலத்தில் வீடு திரும்புவதற்குள் இருட்டிவிடும்; இருட்டில் பெண்பிள்ளையை நடக்க விட வீட்டார் அஞ்சுகிறார்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததால் மாதவிடாய் நாட்களில் வராமல் இருந்து, அப்படியே பின்தங்கிப் போனவர்கள் இருக்கிறார்கள். தாழ்ப்பாள் உண்டா என்று கேட்பது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் 'வறுமையால் படிப்பு நின்றது' என்று பொதுவாக எழுதுவதைவிட, எதைச் சரிசெய்யலாம் என்று படிப்பவருக்குக் காட்டுவது அந்தக் கேள்விதான்.

இளவயதுத் திருமணத்தைப் பற்றிப் பேசும்போது தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட வேண்டாம். கூடாரத்தில் பாதுகாப்பில்லை, ஒரு வயிறாவது குறையட்டும் என்று கணக்குப் போட்டவரிடம், பள்ளி பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். கண்டிப்பதால் கிடைக்காத பதில் அதில் கிடைக்கும்.

பொருட்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு தாய் அரிசிப் பாத்திரத்துக்கு அடியிலிருந்து எடுத்துக் காட்டிய மதிப்பெண் பட்டியல் இரண்டு பிளாஸ்டிக் உறைகளுக்குள் இருந்தது. மடிப்பில் எழுத்து தேய்ந்துபோய், மகளின் பிறந்த ஆண்டில் கடைசி இலக்கம் அழிந்திருந்தது. மகளிடம் இருந்த ஒரே பயிற்சி ஏடு பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதப்பட்டதால் சில பக்கங்கள் வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தன. இப்படி ஒன்றைக் கண்டால் அதை விவரிப்பதோடு நிறுத்திவிடுங்கள். விளக்கம் எழுதிக் கெடுக்காதீர்கள்.

பெண்கல்வியின் அருமையையும் இவ்வாறே காட்ட வேண்டும். அம்மாவின் மருந்துச் சீட்டை வாசித்துச் சொல்பவள் யார், தஞ்ச மனு அலுவலகத்திலிருந்து வரும் கடிதத்தைப் பிரித்துப் பொருள் சொல்பவள் யார் என்று கவனித்தால், பல வீடுகளில் அது பள்ளிக்குப் போகும் மகளாகவே இருக்கும். பொதுவாழ்வில் அறியப்பட்டவர்களில் முசூன் அல்மெல்லெஹானைக் குறிப்பிடலாம். 2013இல் சிரியாவிலிருந்து பாடப்புத்தகங்களோடு வெளியேறிய அவர், ஜோர்டானின் சாத்தரி முகாமில் பெண்களைப் பள்ளிக்கு அனுப்புமாறு பெற்றோரிடம் பேசிவந்தார். 2017இல் யுனிசெஃப் அவரை நல்லெண்ணத் தூதராக அறிவித்தது. ஆனால் நீங்கள் சந்திக்கும் ஒவ்வொரு பெண்ணையும் அவரைப் போல ஆக்கிவிட முயலாதீர்கள். தேர்வில் தோற்றவளுக்கும், கைக்குழந்தையோடு மறுபடி படிக்க இடம் தேடுபவளுக்கும் கதை உண்டு, அதை எழுதுவோர்தான் குறைவு.

ஆப்கானியப் பெண் என்றால் இன்னொன்றையும் நினைவில் கொள்ளுங்கள். 2021க்குப் பின் அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்களுக்குப் பள்ளி மூடப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகங்களும் மூடப்பட்டன. திருப்பி அனுப்பப்பட்டால் அவள் படிப்பு அங்கேயே முடிந்துவிடும் என்பதால், அவள் அடையாளத்தை இரு மடங்கு கவனத்தோடு மறைக்க வேண்டும்.

புள்ளிவிவரங்கள் ஒன்றிரண்டு போதும். பள்ளி வயது அகதிப் பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் பள்ளிக்கு வெளியே இருக்கிறார்கள் என்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் மதிப்பீடு. உயர்கல்வியை எட்டியவர்களை அகதி இளைஞர்களில் 15 சதவீதமாக 2030க்குள் உயர்த்துவது அதன் இலக்கு. தாமே அகதியாக வாழ்ந்த ஐன்ஸ்டைனின் பெயரில் அகதி மாணவர்களின் உயர்கல்விக்கு 1992 முதல் வழங்கப்படும் உதவித்தொகையைப் பற்றி அவளுக்குத் தெரியுமா என்று கேட்பது, எண்களை அடுக்குவதைவிடப் பயனுள்ளது.

எழுதி முடித்ததும் அவள் மொழியில் அவளுக்கே வாசித்துக் காட்டுங்கள். அவள் நீக்கச் சொல்வதை, அது உங்களுக்கு மிகவும் பிடித்த வரியாக இருந்தாலும், நீக்கிவிடுங்கள். ஏட்டை அழித்து எழுதிய அந்தச் சிறுமிக்கு நான் வாசித்தபோது, எல்லை கடந்த பகுதியில் அவள் எதையும் மாற்றவில்லை. கடைசி வகுப்பைப் பற்றிய வரியில்தான் கையை நீட்டி நிறுத்தினாள். "அன்றைக்குக் கணக்கு இல்லை, வடிவியல்," என்றாள், "முக்கோணம் பாதியில் நின்றது."