பர்ஸ்ட் டிஸ்க்: வால்வைப் பார்த்து வாங்காதீர்கள், சிலிண்டரைப் பாருங்கள்

தண்ணீருக்கடியில் மூச்சுவிடக் காற்று அடைத்துக் கொண்டுபோகும் ஸ்கூபா சிலிண்டரின் வால்வைச் சுற்றிப் பார்த்தால், அதன் உடம்பில் ஓரிடத்தில் சின்னச் சின்ன ஓட்டைகளோடு ஒரு அறுகோணத் திருகு தெரியும். அதற்குள் ஒரு மெல்லிய உலோகத் தகடு இருக்கிறது. அதுதான் பர்ஸ்ட் டிஸ்க். உள்ளே அழுத்தம் எல்லை மீறினால், சிலிண்டர் வெடிப்பதற்கு முன் இந்தத் தகடு கிழிந்து காற்றை வெளியே விட்டுவிடும். அமெரிக்க விதிகளின்படி வரும் சிலிண்டர்களில் இதைப் பார்க்கலாம். ஐரோப்பிய வால்வுகளில் பெரும்பாலும் இது கிடையாது.

தகடு இருப்பது வால்வில்தான். ஆனால் அதன் அளவை, அதாவது எந்த அழுத்தத்தில் அது கிழிய வேண்டும் என்பதை, முடிவு செய்வது சிலிண்டர். பெரும்பாலான தவறுகள் இதை மறப்பதில்தான் தொடங்குகின்றன.

முதல் குழப்பம் எண்ணில். 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அலகு) சிலிண்டருக்கு 3000-இல் கிழியும் தகடு என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு தகடு போட்டால் சிலிண்டரை நிரப்பவே முடியாது. கணக்கில் வருவது வழக்கமாக நிரப்பும் வேலை அழுத்தம் அல்ல, சிலிண்டரின் வலிமையைப் பரிசோதிக்கும்போது கொடுக்கும் சோதனை அழுத்தம். அமெரிக்க விதிகளில் 3ஏஎல் எனப்படும் அலுமினியச் சிலிண்டர், 3ஏஏ எனப்படும் ஸ்டீல் சிலிண்டர் இரண்டிலும் சோதனை அழுத்தம் என்பது வேலை அழுத்தத்தின் 5/3 பங்கு. 3000 என்றால் 5000. தகடு அந்தச் சோதனை அழுத்தத்தின் 90 முதல் 100 சதவீதத்துக்குள், அதாவது 4500-க்கும் 5000-க்கும் இடையில் கிழிய வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல், எல்லாத் தயாரிப்பாளர்களும் ஒரே மாதிரி குறிப்பதில்லை. ஒருவர் திருகின் தலையில் 3000 என்று பொறிப்பார், ‘3000 சிலிண்டருக்கானது’ என்ற பொருளில். இன்னொருவர் அதே வேலையைச் செய்யும் தகட்டுக்கு 5000 என்று போடுவார். எண்ணை மட்டும் பார்த்து எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். அது எந்த அழுத்தத்தைச் சொல்கிறது என்று அந்த வால்வுத் தயாரிப்பாளரின் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, வால்வைக் கழற்றி இன்னொரு சிலிண்டரில் மாட்டும்போது தகட்டை மறந்துவிடுவது. ‘அலுமினியம் 80’ என்ற 3000 பிஎஸ்ஐ சிலிண்டரில் இருந்த வால்வை 2400 பிஎஸ்ஐ ஸ்டீல் சிலிண்டரில் அப்படியே மாட்டுகிறீர்கள் என்று வையுங்கள். ஸ்டீலின் சோதனை அழுத்தம் 4000. தகடோ 4500-க்குக் கீழே அசையாது. வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும், காற்றும் கசியாது, பாதுகாப்பு மட்டும் இருக்காது. மாறாக, 2400-க்கான தகட்டை உயர் அழுத்தச் சிலிண்டரில் விட்டுவைத்தால், நிரப்பும்போதோ வெயிலில் வைத்தபோதோ கிழிந்துவிடும். இரண்டில் முதலாவதுதான் மோசம், ஏனென்றால் அது சத்தமே போடாது.

ஸ்டீல் சிலிண்டரின் தோளில் சோதனைத் தேதிக்குப் பின்னால் ‘+’ குறி இருந்தால் 10 சதவீதம் கூடுதலாக நிரப்பலாம், அதாவது 2400-க்குப் பதில் 2640. சிலர் இந்த 2640-ஐ 5/3-ஆல் பெருக்கி 4400 என்று தகடு தேடுகிறார்கள். தப்பு. கூட்டல் குறியால் சோதனை அழுத்தம் மாறாது, அது 4000-தான். அதேபோல் சிறப்பு அனுமதியில் செய்த 3500 பிஎஸ்ஐ ஸ்டீல் சிலிண்டர்களுக்கு 5/3 கணக்கே பொருந்தாது. அவற்றின் சோதனை அழுத்தம் 5250, வெறும் ஒன்றரை மடங்கு.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 21 டிகிரியில் 3000 பிஎஸ்ஐ இருக்கும் சிலிண்டர், மூடிய காரில் 65 டிகிரிக்குப் போனால் சுமார் 3450 ஆகும். சரியான தகடு 4500 வரை தாங்கும், ஆகவே பிரச்சினை இல்லை. அப்படியும் கிழிந்தால் தகடு பழசாகியிருக்கும், அல்லது அளவு தவறு, அல்லது யாரோ அளவுக்கு மீறி நிரப்பியிருக்கிறார்கள். குகை முக்குளிப்பவர்களிடையே 2400 சிலிண்டரில் 3600 வரை அடைக்கும் பழக்கம் உண்டு. அதே வெப்பத்தில் அது 4100-ஐத் தாண்டும். தகடு கிழியாமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

இப்படி அடைப்பவர்கள் செய்யும் இன்னொரு வேலை, இரண்டு தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் போடுவது. ஃபியூஸ் அடிக்கடி போகிறதே என்று கம்பியை இரட்டையாக முறுக்கிப் போடுகிற அதே புத்திதான். இரட்டைத் தகடு எந்த அழுத்தத்தில் கிழியும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. தகட்டை எடுத்துவிட்டு ஓட்டையை மொத்தமாக அடைப்பதும் இதே ரகம்.

நல்ல தகடும் களைத்துப் போகும். ஒவ்வொரு முறை நிரப்பும்போதும் அது கொஞ்சம் வெளியே புடைக்கும், காலியானதும் தளரும். வெளிப்பக்கம் உப்புத் தண்ணீர் அரிக்கும். அதனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் நிரப்பிச் செய்யும் அழுத்தச் சோதனை) வரும்போது தகட்டையும் புதிதாக மாற்றிவிடுவது நல்லது. தகட்டோடு வரும் செம்பு வாஷர் ஒரு முறை நசுங்கினால் அவ்வளவுதான், அதைத் திரும்பப் போடாதீர்கள். ஒரு தயாரிப்பாளரின் திருகில் இன்னொருவரின் தகட்டைப் பொருத்துவதும் வேண்டாம். உள்ளே அது உட்காரும் விளிம்பின் வடிவம் மாறினாலே கிழியும் அழுத்தமும் மாறும். முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை பலத்தில் முறுக்குவதிலும் இதே ஆபத்து. அதிகம் முறுக்கினால் தகட்டின் விளிம்பு வெட்டுப்படும், குறைந்தால் கசியும்.

திருகையும் கவனியுங்கள். பழைய வகையில் ஒரே ஓட்டை இருக்கும். தகடு கிழிந்தால் காற்று ஒரே பக்கம் பீறிட்டு, கட்டாமல் வைத்த சிலிண்டரைச் சுழற்றி எறிந்துவிடும். பல பக்கமும் ஓட்டை உள்ள திருகில் அந்த உந்துதல் சமமாகிவிடும்.

தண்ணீருக்கடியில் தகடு போனால் வால்வை மூடி நிறுத்தலாம் என்று நம்பாதீர்கள். தகடு இருப்பது வால்வு அடைப்பின் சிலிண்டர் பக்கம், அதனால் வால்வின் கைப்பிடிக் குமிழை எவ்வளவு திருகினாலும் காற்று போய்க்கொண்டே இருக்கும். இரட்டைச் சிலிண்டரில் நடுவில் ஐசொலேட்டர் (இரண்டையும் பிரிக்கும் வால்வு) இருந்தால் அதை உடனே மூடி ஒரு பக்கத்தையாவது காப்பாற்றலாம். இதே காரணத்தால், வால்வு மூடியிருக்கிறதே என்று காற்று உள்ள சிலிண்டரில் இந்தத் திருகில் ஸ்பேனர் வைக்கவே கூடாது. முதலில் சிலிண்டரை முழுக்கக் காலி செய்யுங்கள், அப்புறம் குமிழைத் திறந்தே வைத்துக்கொண்டு திருகைக் கழற்றுங்கள்.