ஒரே தட்டைச் சுற்றி: எத்தியோப்பிய இஞ்சேரா விருந்து

எத்தியோப்பிய வழக்கப்படி, புளித்த மாவில் தோசைபோல் சுடும் இஞ்சேராவைப் பெரிய தட்டு நிறைய விரித்து, அதன்மேல் குழம்புகளை வைத்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து பிட்டுச் சாப்பிடுவார்கள். இஞ்சேரா பிசகினால் விருந்தே பிசகிவிடும். 3 நாள் முன்னதாகவே தொடங்கிவிடுங்கள்.

500 கிராம் டெஃப் (எத்தியோப்பியச் சிறுதானியம்) மாவு, சுமார் 750 மி.லி. தண்ணீர், முந்தைய மாவில் தெளிந்த புளித்த நீரான எர்ஷோ அரைக் கப். கட்டியில்லாமல் கரைத்து மூடி வையுங்கள். எர்ஷோ இல்லாவிட்டால் புளிக்க இன்னும் ஒரு நாள் ஆகலாம். மேலே தெளியும் கறுத்த தண்ணீரை வடித்து, அடுத்த முறைக்குக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். பச்சை, கறுப்பு நிறத்தில் பூசணம் படர்ந்தால் முழுவதையும் கொட்டிவிடுங்கள்.

அடுத்தது அப்சித். பலர் விட்டுவிடுவது இதைத்தான். புளித்த மாவில் அரைக் கப் எடுத்து ஒரு கப் தண்ணீரில் கரைத்து, கெட்டியாகும்வரை கிளறிக் காய்ச்சி, வெதுவெதுப்பாக ஆறியதும் மீதி மாவோடு கலக்குங்கள். சூடாக ஊற்றினால் புளிப்புக் கிருமிகள் செத்துப்போகும். ஓரிரு மணி நேரத்தில் மாவு பொங்கும். அப்சித் சேர்க்காத இஞ்சேரா மடிக்கும்போது விரிசல் விடும்.

கல் நன்றாகக் காய்ந்ததும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றி ஊற்றுங்கள். மேலெல்லாம் 'கண்கள்' (சிறு துளைகள்) திறந்த பிறகே மூடவேண்டும்; முந்தி மூடினால் பிசுபிசுக்கும். ஓரம் தானாக எழும்பினால் வெந்துவிட்டது. திருப்பிப் போடக் கூடாது. கண்கள் வராவிட்டால் மாவு கெட்டி, அல்லது கல் காயவில்லை. துணியில் ஆறவிட்ட பிறகே அடுக்குங்கள், சூட்டோடு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டும்.

குழம்புக்கு மிசிர் வோட் என்னும் காரப் பருப்புக் குழம்பு போதும். பொடியாக நறுக்கிய 2 பெரிய வெங்காயத்தை எண்ணெய் இல்லாமல் சிறுதீயில் 15 நிமிடம் வதக்குங்கள். அடிப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கலாம். பிறகு கால் கப் எண்ணெய், 2 மேசைக்கரண்டி பெர்பெரே (எத்தியோப்பிய மிளகாய் மசாலாப் பொடி), பூண்டு, இஞ்சி, 250 கிராம் மைசூர் பருப்பு, உப்பு சேர்த்துக் கெட்டியாக வேகவிடுங்கள். நீர்த்த குழம்பு இஞ்சேராவைக் கரைத்துவிடும்.

ஒரு தட்டுக்கு 4 பேர் சரி. கை கழுவி, வலக்கையால், அவரவர் பக்கத்திலிருந்தே எடுக்கவேண்டும். ஒருவர் ஒரு கவளத்தைச் சுருட்டி உங்கள் வாயில் ஊட்ட வந்தால் அது குர்ஷா, அன்பும் மரியாதையும் கலந்தது, மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி நோன்பில் இறைச்சி, பால், முட்டை தொடமாட்டார்கள். விருந்து நாளைக் குறிக்கும் முன் கேட்டுவிடுங்கள். மிஞ்சும் இஞ்சேராவைப் பிய்த்துக் குழம்பில் பிரட்டினால் காலைச் சாப்பாட்டுக்கு ஃபிர்ஃபிர் ஆகிவிடும்.