மேசை மேல் ஒரு முகிலறை: மியூவான் தடம் பார்க்க

உள்ளங்கையை விரித்து நீட்டினால் நொடிக்கு ஒரு மியூவானாவது அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. விண்கதிர்கள் மேல்வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும், எலக்ட்ரானைவிடக் கனமான துகள் இது. கடல்மட்டத்தில் கணக்கு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று. ஊட்டியில் விண்கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 ஆய்வகம் 560 சதுர மீட்டர் பரப்பில் துகளை உணரும் குழாய்களை அடுக்கி எண்ணுவதும் இதே துகளைத்தான். அங்கே அது மின்சைகையாகத்தான் பதிவாகும். தடத்தையே கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் முகிலறை போதும்: துகள் போன வழியில் ஆல்கஹால் ஆவி சிறு துளிகளாகப் படிந்து வெள்ளைக் கோடாகத் தெரியும் பெட்டி அது.

தேவையானவை: 30 × 20 செ.மீ. அடிப்பாகமும் 15 முதல் 20 செ.மீ. உயரமும் உள்ள கண்ணாடி மீன் தொட்டி. அதைவிட எல்லாப் பக்கமும் 2 செ.மீ. பெரிதான, 2 மி.மீ. கனமுள்ள அலுமினியத் தகடு. அரை அங்குலத் தடிமனில் ஃபெல்ட் துணி. தெர்மாகோல் தட்டு, 3 கிலோ டிரை ஐஸ் (உறைந்த கார்பன் டை ஆக்சைடு), 99 சதவீத ஐசோபிரொப்பைல் ஆல்கஹால் 100 மி.லி., குவிந்த ஒளி தரும் எல்.இ.டி. டார்ச் ஒன்று. அக்ரிலிக் பெட்டி வேண்டாம். ஆல்கஹால் பட்டால் முடிமுடியாக வெடிப்பு விடும்.

ஆல்கஹாலில்தான் பலர் சறுக்குகிறார்கள். மருந்துக் கடையில் கைக்குத் தேய்க்க விற்பது 70 சதவீதம், மீதி தண்ணீர். டிரை ஐஸின் வெப்பநிலை −78.5 டிகிரி. அதில் தண்ணீர் உறைந்து தகடெல்லாம் வெள்ளைப் பூ பூத்துவிடும், தடம் தெரியாது. தூய ஐசோபிரொப்பைல் −89 டிகிரி வரை உறையாது.

தகட்டின் மேல்பக்கம் முழுக்கக் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். ஃபெல்ட்டைத் தொட்டியின் அடியில், உட்பக்கமாகப் பொருத்த வேண்டும். கவிழ்க்கும்போது அது கூரையாகிவிடும். குளூ கன் பசை ஆல்கஹாலில் கழன்றுவிடும். பாதி ஆட்டத்தில் துணி தொப்பென்று விழுவது அதனால்தான். கண்ணாடிக்கு இரு பக்கமும் சின்னக் காந்தங்களை வைத்துப் பிடியுங்கள். ஃபெல்ட் குடிக்கும் அளவுக்கு, அதாவது 40, 50 மி.லி., ஆல்கஹால் ஊற்றி, சொட்டாமல் பார்த்து, தகட்டின் மேல் கவிழ்த்து, விளிம்பில் ஜன்னலுக்கு ஒட்டும் ஃபோம் டேப்பால் அடையுங்கள்.

தெர்மாகோல் தட்டில் டிரை ஐஸை உடைத்துச் சமமாகப் பரப்பி அதன் மேல் தகட்டை வையுங்கள். உலோகம் பட்டதும் கிறீச்சென்று கத்தும். அடியில் கிளம்பும் வாயு தகட்டை அதிரவைக்கிறது. தகடு குளிரக் குளிரச் சத்தம் அடங்கும். தோல் கையுறை கட்டாயம். அறை ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். டிரை ஐஸை இறுக மூடிய டப்பாவில் ஒருபோதும் வைக்காதீர்கள், வெடிக்கும். ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்பு, ஊதுபத்தி எதுவும் கூடாது.

விளக்குகளை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தகட்டோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் அடியுங்கள். 10, 15 நிமிடம் வெறும் தூறல்தான் தெரியும். கைவைக்காமல் பொறுத்திருங்கள். தகட்டுக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் ஆவி மிகைத்தெவிட்டிய நிலையில், அதாவது சிறு தூண்டல் கிடைத்தாலே துளியாகிவிடும் நிலையில், நிற்கும். தடம் விழுவதும் அந்தப் படலத்தில் மட்டுமே. கால் மணி கழித்தும் தூறலே இல்லையென்றால் அடைப்பில் ஒழுக்கு இருக்கிறது, அல்லது தகடு டிரை ஐஸைச் சரியாகத் தொடவில்லை. தூறல் இருந்தும் தடம் இல்லையென்றால் முன்பு போன துகள்கள் விட்டுச்சென்ற அயனிகள் (மின்னூட்டம் பெற்ற அணுக்கள்) கலைக்கின்றன: பிளாஸ்டிக் அளவுகோலைத் துணியில் தேய்த்துத் தொட்டியின் மேல் வைத்துப் பாருங்கள்.

இனி, பார்ப்பது என்ன? குட்டையாக, தடித்து, சுண்ணாம்பால் இழுத்த மாதிரி வந்தால் ஆல்பா துகள்; காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு தரும் பரிசு. நூல் சிக்குப்போல வளைந்து நெளிந்தால் குறைந்த ஆற்றல் எலக்ட்ரான். ஊசி போல மெலிந்து, நேராக, தொட்டியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போனால் மியூவானாக இருக்க நல்ல வாய்ப்பு. வேகமான எலக்ட்ரானும் அப்படியே தெரியும் என்பதால் ஒற்றைத் தடத்தை வைத்துச் சத்தியம் செய்ய முடியாது. இன்னொன்று: மியூவான்கள் பெரும்பாலும் மேலிருந்து செங்குத்தாக விழுபவை. அவை ஒரு சென்டிமீட்டர்ப் படலத்தில் வெறும் புள்ளியாகவே விழும். நீளமாகக் கிடப்பவை அபூர்வமான சாய்ந்த மியூவான்கள். ஆகவே 600 சதுர சென்டிமீட்டருக்கு நொடிக்குப் பத்து என்று கணக்குப் போட்டுவிட்டு ஏமாறாதீர்கள். இணையக் காணொளிகளில் ‘மியூவான் சிதைவு’ (மியூவான் எலக்ட்ரானாக மாறுவது) என்று காட்டும் முறிந்த தடங்களில் பெரும்பாலானவை அணுக்கருவில் மோதித் திசைமாறிய எலக்ட்ரான்களே.

ஆல்பா நிச்சயம் வேண்டுமென்றால், டிக் வெல்டிங்குக்கு விற்கும், சிவப்பு நுனி கொண்ட 2 சதவீதத் தோரியம் டங்ஸ்டன் ராடு ஒன்றைத் தகட்டில் வையுங்கள். அதைச் சாணை பிடிக்கக் கூடாது, தூள் மூச்சில் போகும்.

காந்தம் வைத்து மியூவானை வளைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கணக்கு எளிது: தடம் வளையும் வட்டத்தின் ஆரம் மீட்டரில் வேண்டுமென்றால், உந்தத்தை (கிகா எலக்ட்ரான் வோல்ட்/ஒளிவேகம் என்ற அலகில்) 0.3-ஆலும் காந்தப்புலத்தாலும் (டெஸ்லாவில்) வகுக்க வேண்டும். உந்தம் 1, புலம் 0.1 டெஸ்லா என்றால் ஆரம் 33 மீட்டர். 20 செ.மீ. தடத்தில் வளைவு 0.15 மி.மீ. மட்டுமே, கண்ணுக்குத் தெரியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு உந்தமுள்ள எலக்ட்ரானோ 3.3 செ.மீ. ஆரத்தில் அழகாகச் சுருளும். காந்தத்தை அதற்காக வையுங்கள். இதே வாய்பாட்டில் 3.094 உந்தத்தையும் 1.45 டெஸ்லாவையும் போட்டால் 7.11 மீட்டர் வரும். அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகத்தில், மியூவானின் காந்தத் திருப்புத்திறன் (அது சின்னக் காந்தம்போல் நடந்துகொள்ளும் வலு) எளிய கோட்பாட்டு மதிப்பிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளந்த வளையத்தின் ஆரம் அதுதான். அந்த அளவீட்டின் இறுதி முடிவு 2025 ஜூனில் வந்தது, துல்லியம் நூறு கோடியில் 127 பங்கு. பரிசோதனைக்கும் கோட்பாட்டுக்கும் இடையே பேசப்பட்ட முரண், கோட்பாட்டுக் கணக்கு திருத்தப்பட்ட பின் இப்போது பெரும்பாலும் மறைந்துவிட்டது.

3 கிலோ டிரை ஐஸ் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் நிற்கும். மிஞ்சியதைக் கழுவுத்தொட்டியில் கொட்டினால் பீங்கான் விரியும். மொட்டை மாடியில், குழந்தைகள் கைக்கு எட்டாத இடத்தில், திறந்தபடி வைத்தால் தானே காற்றோடு போய்விடும். ஃபெல்ட்டையும் வெளியிலேயே உலர்த்துங்கள்.